நண்டுக்குப் போதும், பறவைக்குப் போதாது

அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் மே, ஜூன் மாதங்களில் கடல் ஏறும் இரவுகளில் குதிரைலாட நண்டுகள் கூட்டம் கூட்டமாகக் கரையேறி மணலில் முட்டையிடும். ரெட் நாட் என்ற உள்ளான் வகைப் பறவை தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குப் போகும் வழியில் அப்போதுதான் அங்கே இறங்குகிறது. இளைத்துப்போய் வரும் பறவை, இரண்டு வாரம் நண்டு முட்டையைத் தின்று எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மீனவர்களுக்கும் அதே நண்டு வேண்டும். விலாங்கும் கடல் சங்கும் பிடிக்கிற கூடுகளில் அதைத்தான் இரையாக வைக்கிறார்கள். அதிலும் முட்டை சுமக்கும் பெண் நண்டுக்கே கிராக்கி. 1990களின் இறுதியில் அட்லாண்டிக் கரையோரம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பிடித்தார்கள். பெண் நண்டு முட்டையிடும் பருவத்துக்கு வரவோ ஏறக்குறைய 10 ஆண்டு ஆகும்.

சரி, அளவாகப் பிடித்தால் போதாதா? சிக்கல் மணலுக்குள் இருக்கிறது. பெண் நண்டு ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒரு குழிக்குச் சுமார் 4,000 முட்டைகளை இட்டு மூடிவிடும். பறவையின் அலகோ சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. கரையில் நண்டு நெரிசல் இருந்தால்தான் பின்னால் வரும் நண்டு முன்னதன் குழியைக் கிளறும், முட்டைகள் மேலே வரும். மேலே கிடப்பவை பெரும்பாலும் பொரிப்பதில்லை. நண்டுக்கு அவை நஷ்டம், பறவைக்கு அவைதான் உயிர்.

மீன்வளக் கணக்கு வழக்கமாக ஒரே கேள்வி கேட்கும்: இனம் குறையாமல் எவ்வளவு எடுக்கலாம்? நண்டுகள் குறைந்த எண்ணிக்கையிலும் தங்கள் இனத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் கரையில் நெரிசல் போய்விடும், கிளறலும் நின்றுவிடும். மீனவருக்கு உபரியாகத் தெரியும் நண்டுதான் பறவைக்குச் சாப்பாடு போடுகிறது.

1980களில் இங்கே 90,000க்கும் மேல் எண்ணப்பட்ட பறவைகள் 2021இல் 7,000கூட இல்லை. விரிகுடாவை ஒட்டிய நியூஜெர்சி மாநிலம் 2008இல் நண்டு பிடிப்பதையே நிறுத்தியது. பிழைப்பை இழந்தவர்களின் கோபம் நியாயமானது, ஏனென்றால் பக்கத்து மாநிலங்களில் பிடிப்பு தொடர்ந்தது. அங்கே இரையை வலைப்பையில் கட்டி வைக்கும் பழக்கம் ஏற்கெனவே வந்திருந்தது. இரை சீக்கிரம் கரையாததால் குறைந்த நண்டே போதுமானது. மீனவருக்கும் பறவைக்கும் உதவிய மாற்றம் இது.

அப்புறம், பல மாநிலங்களுக்குப் பொதுவான மீன்வள ஆணையம் பறவைக் கணக்கையும் நண்டுக் கணக்கையும் இணைத்து ஒரு கணித மாதிரியை 2012இல் ஏற்றது. 2013 முதல் விரிகுடாவின் பெண் நண்டுகளுக்கு அனுமதி பூஜ்யம். பின்னர் திருத்திய மாதிரி, பெண் நண்டுகளையும் கொஞ்சம் பிடிக்கலாம் என்றது. மணலின் மேல்பரப்பில் முட்டை பெருகியிருக்கிறதா என்று கேட்டார்கள் பறவை ஆய்வாளர்கள். என் பார்வையில் அதுவே சரியான கேள்வி. 2022 நவம்பரில் ஆணையம் அடுத்த ஆண்டுக்கு 4,75,000 ஆண் நண்டுகளை மட்டும் அனுமதித்தது. பெண் நண்டு ஒன்றுகூட இல்லை.