விறைப்பு மீட்பு

புரோஸ்டேட் புற்றுநோய்க்காக அந்தச் சுரப்பியை முழுதாக எடுத்த பிறகு, ஆணுறுப்பு திரும்ப விறைப்பதற்காகச் செய்யும் சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘விறைப்பு மீட்பு’ என்ற பெயரை இங்கே முன்வைக்கிறேன். ஆங்கிலத்தில் இதைப் ‘பீனைல் ரிஹபிலிட்டேஷன்’ என்பார்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிளினிக்குக்குப் போய்வருபவரின் கையில் இருக்கும் டயக்னோசிஸ் காட் என்ற அட்டையில், விறைப்பு வராத குறைபாட்டின் பெயர் ‘ஈ.டி.’ என்று இரண்டெழுத்தாக நிற்கும். பிள்ளைகளிடம் கொடுத்து வாசித்துக் கேட்க முடியாத இரண்டெழுத்து.

‘புரோஸ்டேட்’ கிரேக்கச் சொல். முன்னால் நிற்பது என்று பொருள். நம்மட பாடநூல்களில் வரும் ‘முன்னிற்கும் சுரப்பி’ அதிலிருந்து பிறந்ததுதான். ‘சுக்கிலவகம்’ என்றும் எழுதுவர். சலப்பைக்குக் கீழே, சலம் வரும் குழாயைச் சுற்றி இருப்பது. இரண்டு பெயரும் சரியே.

சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது. விறைப்பு வராமல் போவதை நாம் ‘ஆண்மைக்குறைவு’ என்கிறோம். லேகிய விளம்பரங்களில் ஊறிப்போன சொல். ஆங்கிலத்திலும் முன்பு ‘இம்பொட்டன்ஸ்’ என்றார்கள். வலுவின்மை என்ற பொருள்தரும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அந்தச் சொல் நோயாளியை இழிவுபடுத்துகிறது, என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவில்லை என்று 1992இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு ‘இரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்’ என்பதைப் பரிந்துரைத்தது. ‘ஈ.டி.’ அதன் சுருக்கம்தான். தமிழில் ‘விறைப்புக் குறைபாடு’ என்றால் போதும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ‘ஆண்மை’ குறைவதில்லை. ஆசை இருக்கும், தொடுவுணர்வு இருக்கும், உச்சமும் வரலாம். சுரப்பியையும் விந்துப்பைகளையும் எடுத்துவிட்டதால் விந்து மட்டும் வராது. நின்றுபோனது நரம்புச் செய்தி. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டியபடி ஓடுகின்றன. நெதர்லாந்து வைத்தியர் டொன்கரும் அமெரிக்க வைத்தியர் பற்றிக் வோல்ஷும் 1981இல் அவற்றின் பாதையைக் கண்டறிந்தார்கள். 1982இல் வோல்ஷ் அவற்றைக் காப்பாற்றி அறுவை செய்து காட்டினார். காப்பாற்றினாலும், இழுபட்டும் சூடுபட்டும் நரம்பு மாதக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். நெடுநேரம் மடித்து இருந்த கால் எழும்பியவுடன் நடக்க வராதது போல. பொதுவாக ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம்வரை ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். வயது, சீனி வருத்தம், புகைத்தல், முன்பிருந்த விறைப்பின் நிலை எல்லாம் இதைத் தீர்மானிக்கும். இரு பக்கமும் நரம்பை வெட்ட நேர்ந்திருந்தால் தானாகத் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு.

“மறுகா எல்லாம் சரிவருமா டொக்டர்?” என்று கேட்கிறவருக்கு இவ்வளவையும் ஆறுதலாகச் சொல்ல வேண்டும். ‘ஆண்மைக்குறைவு’ என்ற சொல் அந்தப் பேச்சைத் தொடங்கவே விடாது.

‘விறைப்பு’ என்பதிலும் கவனம் தேவை. நம்மட பேச்சில் விறைத்தல் என்றால் மரத்துப்போவதும்தான். பல் பிடுங்கும்போது விறைக்க ஊசி போடுவார்கள். சீனி வருத்தக்காரர் “கால் விறைக்குது” என்பார். ஆகவே “கொஞ்ச நாளைக்கு விறைப்பு இருக்காது” என்று தாதி சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு போகிறவரும் இருப்பார். முதல்முறை ‘ஆணுறுப்பு விறைப்பு’ என்று முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது. ‘எழுச்சி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது நமக்கு மேடைச் சொல்லாகிவிட்டது.

‘ரிஹபிலிட்டேஷன்’ என்பதற்கு லத்தீனில் முன்னிருந்த தகுதிக்குத் திரும்ப ஆக்குதல் என்று பொருள். அகராதி தரும் ‘புனர்வாழ்வு’ கிழக்கில் செல்லாது. போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்தச் சொல் யாரை, எங்கே கொண்டுபோய் வைத்ததைக் குறித்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்படியொரு சொல்லை அறுவைக் காயத்தோடு வந்தவரின் உடம்பில் ஒட்டக் கூடாது. தமிழ்நாட்டில் ‘மறுவாழ்வு முகாம்’ என்றால் இங்கிருந்து அகதியாய்ப் போனவர்கள் இருக்கும் இடம். அதனால்தான் ‘மீட்பு’ என்கிறேன்.

இந்த மீட்பில் முதலில் வருவது குளிசை. நரம்பு நுனி நைத்ரிக் ஒட்சைட்டை விட, தசை தளர்ந்து, இரத்தம் நிறைவதுதான் விறைப்பு. 1998இல் விற்பனைக்கு வந்த சில்டெனாஃபிலும் பின்னர் வந்த டடலாஃபிலும் அந்தச் செய்தி சீக்கிரம் அழியாமல் தடுக்கின்றன. செய்தியைத் தாமே உண்டாக்குவதில்லை. நரம்பு செயலற்றுக் கிடக்கும் முதல் மாதங்களில் குளிசை பலருக்கு வேலைசெய்யாதது இதனால்தான். அதோடு சிகிச்சையைக் கைவிட வேண்டாம். ஆணுறுப்பில் போடும் அல்ப்ரொஸ்டடில் ஊசி நரம்புக்குக் காத்திராமல் நேரே தசையைத் தளர்த்தும். வெற்றிடப் பம்பு இரத்தத்தை உள்ளே இழுக்கும். எதுவும் சரிவராதவர்களுக்கு உள்ளே பொருத்தும் கருவியும் உண்டு. நாள்தோறும் குளிசை எடுத்தால் தானாக வரும் விறைப்பு கூடுதலாகத் திரும்பும் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. ‘மீட்பு’ நோக்கத்தின் பெயர். உத்தரவாதத்தின் பெயராக அதை யாரும் விற்கக் கூடாது.

நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜி.ரி.என். போன்ற நைத்ரேட் மருந்து பாவிப்பவர் இந்தக் குளிசைகளைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் உயிராபத்தாக விழும். பாமசியில் கேட்டு வாங்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். ஊசி போட்ட பின் விறைப்பு நாலு மணித்தியாலம் தாண்டியும் இறங்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அடுத்த கிளினிக்கில் “ரெண்டு பக்க நரம்பையும் வெட்டாம விட்டிருக்கீங்களா?” என்று கேளுங்கள், முடிந்தால் மனைவியையும் கூட்டிப்போய்க் கேளுங்கள்.