ஜிப்சம் மூட்டையைப் பிரிக்கும் முன்

மண் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மண்ணோடு சேர்த்து முடிவையும் கொண்டு வருவார்கள். "சார், நிலம் வெள்ளை பூத்துக் கிடக்கு. எத்தனை மூட்டை ஜிப்சம் போடட்டும்?"

கடலோர டெல்டாவிலிருந்து வந்த ஒருவர் இரண்டு வருடம் போட்டுப் பார்த்துவிட்டே வந்தார். பக்கத்து ஊரில் நன்றாகக் கேட்டதாம். சோதித்ததில் மண்ணின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8-க்குள்தான் இருந்தது, உப்பின் அளவைக் காட்டும் இ.சி. 4-ஐத் தாண்டியிருந்தது. அது உவர் நிலம். நல்ல தண்ணீரைக் கட்டி, உப்பைக் கரைத்து வடிப்பதுதான் அதற்கு வைத்தியம். ஜிப்சமும் கால்சியம், கந்தகம் சேர்ந்த ஒரு உப்புதான் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஜிப்சம் கேட்பது களர் நிலம். திருச்சி மாவட்டத்தில் நிறையப் பார்க்கலாம். பி.எச். 8.5-க்கு மேல் போயிருக்கும். களிமண் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் கலங்கி நிற்கும், காய்ந்தால் மண்வெட்டி தெறிக்கும். ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்டது தண்ணீரில் கரைந்து வயலைவிட்டு வெளியேற வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது காசைக் கொட்டுகிற வேலை. அப்புறம் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, களர் தாங்கும் டி.ஆர்.ஒய். ரக நெல்லை நடலாம். அந்த ரகங்கள் திருச்சியிலேயே உருவானவை.

நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுவது வேறு கணக்கு. அது காய் திரள்வதற்கான கால்சியம், கந்தகம். நிலத்துக்கு மருந்து அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

நீலகிரிக்குப் போனால் எல்லாம் தலைகீழ். பெய்கிற மழை கால்சியத்தை அரித்துக்கொண்டு போய் மண் புளித்திருக்கும். தேயிலைக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும். உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர்கள் சுண்ணாம்பு இட்டாக வேண்டும். விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் அதே சுண்ணாம்பு இயற்கையிலேயே உண்டு. அங்கே இன்னும் கொட்டினால் இரும்பு, துத்தநாகச் சத்துகள் வேருக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும்.

களரின் ஜிப்சம், மலையின் சுண்ணாம்பு இரண்டுமே அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பூமியில் கிடைக்கின்றன. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது. இன்றும் சிப்பி, நத்தைப் புதைபடிவங்கள் அகப்படுகின்றன. மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. யாருக்கு எது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

சரி, மண் எடுக்கும்போது வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடத்தை விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' போலக் குழி வெட்டி, ஓரத்தை மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ போதும். துணிப்பையில் கொண்டு வாருங்கள். யூரியா சாக்கில் வந்த மண்ணை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.