“ஓரமாகப் போயிருக்கலாமே” என்று இனி கேட்காதீர்கள்

போன வாரம் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். லாரியின் பின்சக்கரம் அவருடைய பாதத்தில் ஏறி இறங்கியிருந்தது. கணுக்காலிலிருந்து தோல், காலுறையைக் கழற்றினாற்போல உரிந்து தொங்கியது. எலும்பு முறிவைவிட இந்தக் காயத்துக்குத்தான் நாங்கள் பயப்படுவோம். எலும்பு கூடிவிடும். ரத்த ஓட்டம் அறுந்த தோல் பிழைக்காது.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அந்த லாரி டிரைவர்தான். விட்டுவிட்டு ஓடவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “கொஞ்சம் ஓரமாப் போயிருக்கலாம்ல சார்?” வாக்குமூலம் எழுத வந்த காவலரும் அதையே சொன்னார். அரை மணி நேரத்தில் மகன் வந்தார். “எத்தனை தடவை சொல்லியிருக்கேன்ப்பா, ஓரமாப் போன்னு” என்று அழுதார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஓரமாத்தான் போனேன் டாக்டர். அதுக்கு மேல ஓரமே இல்ல.”

எலும்பு முறிவுப் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். சைக்கிளில் அடிபட்டு வருகிறவரின் கட்டிலைச் சுற்றி யார் நின்றாலும் இதே கேள்விதான். இடித்த வண்டி என்ன வேகத்தில் வந்தது, எவ்வளவு இடம் விட்டுக் கடந்தது என்று யாரும் கேட்பதில்லை. படுத்துக் கிடப்பவர் ஓரமாகப் போனாரா என்று மட்டும் கேட்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இந்த ஓரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அந்த ஓரம் எப்படி இருக்கும் என்று கார் ஓட்டுகிற பலருக்குத் தெரியாது. அவர்களுடைய சக்கரம் அங்கே போவதே இல்லை. நடுச்சாலையில் ஓடும் வண்டிகள் ஒதுக்கித் தள்ளும் மணல், ஜல்லி, கண்ணாடிச் சில்லு எல்லாம் அங்கேதான் சேரும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கும், ஆழம் தெரியாது. வடிகாலின் இரும்பு மூடியில் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் இரண்டு மூன்று அங்குல இறக்கம் இருக்கும். அதில் முன்சக்கரம் இறங்கிவிட்டால், மேலே ஏற்றப் பார்க்கும்போது விளிம்பில் உரசி வழுக்கும். உடம்பு ஏற்கெனவே சாலைப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே விழுவதும் வண்டிகள் வரும் பக்கம்தான். அன்று வந்தவருக்கு நடந்தது இதுதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். சைக்கிள் எப்படி விழாமல் நிற்கிறது? ஒரு பக்கம் சாயும்போது, ஓட்டுகிறவர் தன்னை அறியாமல் ஹேண்டில்பாரை அதே பக்கம் லேசாகத் திருப்புகிறார். சக்கரம் உடம்புக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் இது நடந்துகொண்டே இருக்கும். ஈரத் தரையில் ஓட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் டயர்த் தடம் நெளிந்துதான் கிடக்கும். மேடு ஏறும்போதும் எதிர்க்காற்றிலும் நெளிவு கூடும். இன்னொரு விஷயம் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஓடும் சைக்கிளை வலப்பக்கம் திருப்ப, முதலில் ஒரு கணம் இடப்பக்கம் திருப்பியாக வேண்டும். அப்போதுதான் உடம்பு வலப்பக்கம் சாயும், அப்புறம்தான் வண்டி திரும்பும். நாம் எல்லோரும் யோசிக்காமலே இதைச் செய்கிறோம். இப்போது நடைபாதைக் கல்லை உரசிக்கொண்டு போகிறவரை நினைத்துப் பாருங்கள். அந்தக் கல்லைவிட்டு விலகுவதற்கே அவர் முதலில் அதன் பக்கம் கொஞ்சம் போக வேண்டும். அங்கே இடம் இல்லை. “இன்னும் ஓரமாகப் போ” என்று சொல்லும்போது, விழாமல் இருக்க அவருக்குத் தேவையான அந்த இடத்தைத்தான் நாம் பிடுங்குகிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருவர் விளிம்போடு ஒட்டிப் போனால், பின்னால் வருகிறவர் அதே தடத்தில் நுழைந்து கடந்துவிடலாம் என்று நினைக்கிறார். சற்று உள்ளே தள்ளி ஓட்டினால், வேகத்தைக் குறைத்து, அடுத்த தடம் காலியானதும் கடக்கிறார். பிரிட்டனில் 2022இல் திருத்திய சாலை விதிக் கையேடு, சைக்கிள் ஓட்டுகிறவர் விளிம்பிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி ஓட்ட வேண்டும் என்கிறது. நெரிசலில் எல்லா வண்டியும் மெதுவாகப் போகும்போது தடத்தின் நடுவிலேயே ஓட்டச் சொல்கிறது. ஜெர்மனியில் 2020 முதல், சைக்கிளைக் கடக்கும் வண்டி ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊரில் சட்டம் என்ன சொன்னாலும் சரி, ஒன்றரை மீட்டர் விடுங்கள். விட முடியாத இடத்தில் கடக்காதீர்கள், பின்னாலேயே வாருங்கள். பெரும்பாலும் அடுத்த சிக்னலில் அவர் உங்கள் பக்கத்தில்தான் வந்து நிற்பார்.

வேகம் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும், உங்கள் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே.

“திடீர்னு வந்துட்டார்” என்று சொல்கிற டிரைவர்களில் பலர் பொய் சொல்வதில்லை என்று நம்புகிறேன். சந்திப்பில் தலையைச் சட்டென்று திருப்பிப் பார்க்கும்போது கண் தாவித் தாவித்தான் நகரும். தாவுகிற அந்தக் கண நேரத்தில் மூளை பார்வையை வாங்குவதில்லை. அந்த இடைவெளியில் ஒரு சைக்கிள் முழுதாகத் தொலைந்துபோகும். முன்கண்ணாடியின் பக்கத்தூணும் ஒரு ஆளை மறைக்கும். அதனால் இரண்டு முறை பாருங்கள், நிறுத்திப் பாருங்கள், தூணைத் தாண்டித் தலையை நகர்த்திப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை அலற விடாதீர்கள். திடுக்கிட்டுத் திரும்பும் தலையோடு ஹேண்டில்பாரும் சேர்ந்து திரும்பும், உங்கள் வண்டியின் பக்கமே. காரை ஓரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கும்போது, கதவை ஒட்டிய கையால் திறக்காமல் மறு கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். நெதர்லாந்தில் பலருக்கு இது பழக்கம். பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கார்க் கதவின் விளிம்பு கழுத்தில் இறங்கிய காயத்தை நான் பார்த்திருக்கிறேன், மறுபடி பார்க்க விருப்பமில்லை.

லாரி, பஸ் ஓட்டுகிறவர்களே, நீங்கள் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பது உங்களுக்குத் தெரியும், சைக்கிளில் இருக்கிற பள்ளி மாணவனுக்குத் தெரியாது. லாரியின் பக்கவாட்டுத் தடுப்பைக் கழற்றி எறியாதீர்கள். ஆள் சக்கரத்துக்கு அடியில் போகாமல் தடுப்பது அதுதான்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களிடமும் சில வார்த்தை. எல்லாவற்றுக்கும் முன்னால் இது: சிக்னலில் நிற்கும் பெரிய வண்டிக்கும் ஓரக்கல்லுக்கும் இடையில் நுழையாதீர்கள். எவ்வளவு அவசரமானாலும் நுழையாதீர்கள். அந்த இடத்தில் டிரைவரின் கண்ணுக்கு நீங்கள் இல்லவே இல்லை. நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளியே போங்கள். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. சாலை விதியை மீறி எதிர்த்திசையில் வருவதை எந்தக் காரணம் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். ஹெல்மெட் போடுங்கள். லாரிச் சக்கரத்திலிருந்து அது காப்பாற்றாது. சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிப்பதே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேக மோதலுக்குத்தான். ஆனால் விழுந்து தலை தரையில் மோதும் சாதாரண விபத்தில், சிராய்ப்போடு வீட்டுக்குப் போவதா, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதா என்பதைப் பல முறை அதுதான் தீர்மானித்திருக்கிறது.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை விழுந்து ஹேண்டில்பாரின் நுனி வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். வட்டமாக ஒரு சிறு கன்றல் மட்டும் தெரியும், உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கும். வலியும் வாந்தியும் மறுநாள்கூடத் தொடங்கலாம். அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

விபத்தைப் பார்க்க நேர்ந்தால் வண்டிகளை நிறுத்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், விடாமல். எழுப்பி உட்காரவைக்க வேண்டாம், தண்ணீர் கொடுக்க வேண்டாம், கழுத்தை அசைக்க வேண்டாம். ஹெல்மெட்டைக் கழற்றுவதை எங்களிடம் விடுங்கள். அவர் தலைக்கு மேல் நின்றுகொண்டு ஓரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். மயங்கினாற்போல் கிடப்பவருக்கும் பல நேரம் காது கேட்கும்.

இன்று காலை ரவுண்ட்ஸ் போனபோது அவர் சைக்கிள் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மகன் என்னைப் பார்த்தார். இனிமேல் ஓட்டவே கூடாது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார் போல. கால் தாங்கினால் ஓட்டலாம், ஆனால் விளிம்பிலிருந்து தள்ளி ஓட்டுங்கள் என்று சொன்னேன். மகனிடமும் அதையே திரும்பச் சொன்னேன். நாளைக்கு இரண்டாவது முறையாகக் காயத்தைச் சுத்தம் செய்கிறோம். அதன் பிறகுதான் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட முடியுமா என்று தெரியும்.