பூஞ்சையா, பூசணமா?

ஊட்டியில் ஜூலை மழை பிடித்துவிட்டால் பீரோவுக்குள் வைத்த தோல் பெல்ட்டுகூடத் தப்பாது, நாலு நாளில் பச்சையும் வெள்ளையுமாகப் படிந்துவிடும். அதைப் பார்த்து 'பூசணம் பூத்துப்போச்சு' என்போமே தவிர, பூஞ்சை வளர்ந்திருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் ஃபங்கஸ் என்பதற்குப் பூஞ்சை பள்ளிப் பாடநூலில் வருகிற சொல். மருந்துக்கடையில் பூஞ்சாணக்கொல்லி, பூசணக்கொல்லி என்று இரண்டும் புழங்கும்.

ஃபங்கஸ் லத்தீன் சொல், அங்கே அதற்குக் காளான் என்றே பொருள். கடற்பஞ்சைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு அதற்கு உறவு இருக்கலாம் என்பார்கள். ரொட்டியில் படிவது, மண்ணுக்குள் இழையோடுவது எல்லாம் அந்தப் பெயருக்குள் பிறகுதான் வந்து சேர்ந்தன. நமக்கு அந்தக் குழப்பமே இல்லை: குடை விரித்தால் காளான், படர்ந்து பூத்தால் பூசணம்.

பூஞ்சைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பூஞ்சை உடம்பு என்றால் நோஞ்சான் உடம்பு. விழுந்து கிடக்கும் சீகை மரக் கட்டையையே மட்கவைக்கிற உயிருக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மண்ணில் இருப்பது எந்தப் பூசணம் என்று பார்க்கும்போதும் பூப்பதைத்தான் பார்க்கிறோம். கேத்திப் பக்கத்துக் கேரட் தோட்டத்து மண்ணை ஒரு கிராம் எடுத்து, தண்ணீரில் பத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்து, உருளைக்கிழங்குச் சாறும் டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரையும் அதை உறையவைக்கும் அகாரும் சேர்த்த தட்டில் பரப்ப வேண்டும் (ஒரு லிட்டருக்கு 200 கிராம் கிழங்கு, அதற்கும் நம்மூர்க் கிழங்கே போதும்). அப்புறம் 25 டிகிரி வெப்பத்தில் சில நாள் காத்திருந்தால் ஒவ்வொன்றும் தன் நிறத்தில் பூக்கும். ட்ரைக்கோடெர்மா என்னும் மண் பூசணம் வேகமாகப் படர்ந்து, முதலில் வெள்ளைப் பஞ்சுபோல் இருந்து, பிறகு வட்டம் வட்டமாகப் பச்சை கட்டும். அதில் சில வகைகளுக்குத் தேங்காய் வாசனை உண்டு, அதற்காகத் தட்டைத் திறந்து முகராதீர்கள், வித்துகள் மூக்கில் ஏறும்.

நிறம் மட்டும் போதாது, எதைத் தின்கிறது என்றும் பார்க்க வேண்டும். மாவுச்சத்து கலந்த தட்டில் வளர்த்து அயோடின் ஊற்றினால் தட்டு முழுக்கக் கருநீலமாகும், மாவைக் கரைக்கும் நொதி சுரந்த பூசணத்தைச் சுற்றி மட்டும் வெளிறிய வளையம் நிற்கும். முதல்முறை அந்த வளையத்தைப் பார்த்தபோது தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சரி, ட்ரைக்கோடெர்மாவுக்குத் தமிழ்ப் பெயர்? வேண்டாம். கிரேக்கத்தில் மயிர், தோல் என்னும் இரண்டு சொற்களைச் சேர்த்து 1794இல் பூசண ஆய்வாளர் பெர்சூன் வைத்த பேரினப் பெயர் அது. அதை அப்படியே எழுதி, பக்கத்தில் பூசணம் என்று சேர்த்தால் போதும்.