பத்து டன் காயில் ஏன் நகர்கிறது?

“பத்து டன் காயில் சார். யானை தள்ளினாலும் அசையாது. இதுக்கு எதுக்கு இத்தனை பெல்ட்டு?”

லாரியில் லோடு கட்டும் பயிற்சியை எந்த யார்டில் எடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். காயில் என்பது நீளமான இரும்புத் தகட்டைப் பெரிய உருளையாகச் சுருட்டியது. கேட்பவர் பெரும்பாலும் முப்பது வருடம் லோடு ஏற்றிய பெரியவராக இருப்பார். அவருடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். நின்றுகொண்டிருக்கும் லாரியில் அந்தக் காயிலை யாராலும் நகர்த்த முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் வாயால் பதில் சொல்லாமல், வகுப்புக்கு எப்போதும் ஒரு இரும்புத் தகடும் இரண்டு எடைக்கற்களும் கொண்டுபோகிறேன். ஒன்று 1 கிலோ, இன்னொன்று 5 கிலோ.

இரண்டையும் தகட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேள்வி கேட்டவர் கையாலேயே தகட்டின் ஒரு முனையை மெதுவாகத் தூக்கச் சொல்வேன். எது முதலில் வழுக்கும் என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் “சின்னது” என்பார்கள். கிட்டத்தட்ட ஒரே சாய்வில் இரண்டுமே வழுக்கும். சுத்தமான, லேசாக எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தகட்டில் அந்தச் சாய்வு பத்து, பன்னிரண்டு பாகைதான். வகுப்பு அமைதியாகிவிடும்.

எடை அதிகமானால் பிடிப்பும் அதிகமாகும். அது சரி. ஆனால் லோடை நிறுத்தத் தேவையான விசையும் அதே அளவுக்கு அதிகமாகிறதே! நியூட்டன் 1687-இல் எழுதிய இரண்டாம் விதி இன்று நாம் பள்ளியில் படிக்கும் வடிவில் விசை = நிறை × முடுக்கம். காயிலைப் பிடித்து வைக்கும் உராய்வு விசையும் நிறையைப் பொறுத்தது, அதன் வேகத்தைக் குறைக்க வேண்டிய விசையும் நிறையைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் நிறை அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது உராய்வுக் கெழு மட்டும்தான், அதாவது அழுத்தத்தில் எத்தனை பங்கு பிடிப்பாக மாறுகிறது என்ற எண். இரும்பின் மேல் இரும்பு உட்கார்ந்தால் அது சுமார் 0.2. அப்படியென்றால் உராய்வு மட்டும் காயிலுக்குத் தரக்கூடிய எதிர்முடுக்கம் நொடிக்கு நொடி 2 மீட்டர் வேகம் குறையும் அளவுதான். ஒரு டன்னுக்கும் அதே 2, பத்து டன்னுக்கும் அதே 2.

லாரியோ ஓட்டுநர் அவசரமாகப் பிரேக்கை மிதித்தால், காய்ந்த சாலையில் 6 வரை போகும்.

இங்கேதான் நம் பேச்சே நம்மை ஏமாற்றுகிறது. “பிரேக் போட்டதும் லோடு முன்னால் பாய்ந்தது” என்கிறோம். யாரோ பின்னாலிருந்து தள்ளியது போலத் தோன்றுகிறது. தள்ளியவர் யாருமில்லை. சாலையோரம் நிற்பவர் கண்ணால் பாருங்கள்: லாரி வேகம் குறைந்தது, காயில் அதே அளவு குறையவில்லை, அவ்வளவுதான். முன்னோக்கித் தள்ளும் விசை என்று எதுவும் அங்கே இல்லை. பின்னோக்கி இழுக்க வேண்டிய விசைதான் போதாமல் போனது.

விசை எந்த வழியாகப் போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே வரலாம். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறது. சாலை டயரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அது அச்சு வழியாகச் சேஸிஸுக்கு, அங்கிருந்து லோடு பாடிக்கு வருகிறது. லோடு பாடியிலிருந்து காயிலுக்கு? அந்தக் கடைசிப் பாலத்தைக் கட்டுவதுதான் லோடு கட்டுபவரின் வேலை. கல்லூரியில் தனித்த பொருள் விசைப்படம் என்று வரையச் சொல்வார்கள். ஒரு பொருளை மட்டும் தனியாக எடுத்து, அதைத் தொடுகிற ஒவ்வொன்றும் அதற்கு என்ன விசை தருகிறது என்று அம்புக்குறி போடுவது. மதிப்பெண்ணுக்காக நாங்கள் வரைந்த படம் அது. பிறகு ஒரு விபத்து விசாரணையில், அதை வரையாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் நடந்தது. 12 மீட்டர் கட்டுமானக் கம்பிகள் ஏற்றிய டிரெய்லர். குறுக்கே மாடு வந்ததால் ஓட்டுநர் பிரேக் போட்டார். மாடு தப்பியது. அடுக்கின் நடுவிலிருந்து உருவிக்கொண்டு வந்த கம்பிகள் கேபினின் பின்சுவரைத் துளைத்தன. ஓட்டுநர் உயிர் பிழைத்தார், இடது கால் போனது. நிறுவனத்தின் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் “திடீர் பிரேக்” என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு சொற்கள் எனக்கு இன்றும் ஆறவில்லை. பிரேக் அதன் வேலையைச் செய்தது. ஓட்டுநரும் அவர் வேலையைச் செய்தார். விசை அந்தக் கம்பிகளுக்குப் போய்ச் சேர வழியில்லை என்பதை யாரும் எழுதவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த லோடு நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. சங்கிலி அறுபடவில்லை. ஆனால் சங்கிலி தொடுவது வெளிச்சுற்றுக் கம்பிகளை மட்டும்தான். இயக்கவியலில் துகள் என்று ஒரு சொல் உண்டு. தூசி அளவுக்குச் சிறியது என்று அர்த்தமில்லை. ஒரு பொருள் சுழல்வதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்றால், அது லாரியாகவே இருந்தாலும் ஒரு துகள்தான். அப்படி ஒரு கட்டுக் கம்பியை ஒரே துகளாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அது ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான துகள்கள். நடுவில் இருக்கும் ஒரே ஒரு கம்பிக்கு விசைப்படம் வரைந்து பாருங்கள். 16 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டருக்குச் சுமார் 19 கிலோ. லாரியோடு சேர்ந்து அதுவும் வேகம் குறைய வேண்டுமென்றால் ஏறக்குறைய 114 நியூட்டன் விசை வேண்டும். 12 கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவுக்குக்கூட வராது. அந்தச் சின்ன விசையைத் தரக்கூடியது பக்கத்துக் கம்பிகளின் உரசல் ஒன்றுதான். அடுக்கு தளர்ந்திருந்தால் அதுவும் இல்லை.

உரசல் அறவே இல்லை என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி பிரேக் போட்ட ஒரே நொடியில் கம்பி லாரியைவிட 3 மீட்டர் முன்னால் போயிருக்கும். கேபினை நோக்கி அப்போது அதன் வேகம் மணிக்கு 21 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அதனால்தான் கம்பி லோடுக்கு முன்தடுப்பு, அதாவது கேபினுக்குப் பின்னால் லோடு பாடியின் முன்முனையில் நிற்கும் சுவர், அடுக்கின் முழு உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். நடுக் கம்பிக்கு விசை தரக்கூடிய ஒரே உறுதியான பொருள் அந்தச் சுவர்தான். அடுக்கு அதைவிட ஒரு சாண் உயர்ந்தாலும், மேலே இருக்கும் கம்பிகளுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே இருப்பது வெறும் கேபின் தகடு.

சரி, காயிலுக்கு வருவோம். முன்தடுப்பை ஒட்டி வைக்காமல் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு வைக்கிறார்கள். அச்சுக்குப் பாரம் சரியாக விழ வேண்டும் என்ற நியாயமான காரணம்தான். லாரியின் எதிர்முடுக்கம் 6, காயிலுடையது 2. வித்தியாசம் 4. அந்த ஒரு மீட்டரை காயில் முக்கால் நொடிக்குள் கடந்து, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதும். 10 கிலோமீட்டர் என்றால் சைக்கிள் வேகம்தானே என்று தோன்றும். தடுப்பு 20 சென்டிமீட்டர் வளைந்து அதை நிறுத்துவதாக வைத்துக் கணக்குப் போட்டால், தடுப்பு தாங்க வேண்டிய விசை ஏறக்குறைய 24 டன் எடைக்குச் சமம். அதே காயில் தொடக்கத்திலேயே தடுப்பை ஒட்டி இருந்திருந்தால்? 4 டன். காயில் மாறவில்லை, பிரேக் மாறவில்லை. ஒரு மீட்டர் காலியிடம் விசையை ஆறு மடங்காக்கிவிட்டது.

பாரத்துக்காக இடைவெளி விட்டே ஆக வேண்டுமானால் அதை அடைக்கலாம். கனமான மரச்சட்டங்களைக் குறுக்கே போட்டு, காயிலிலிருந்து தடுப்பு வரை முட்டுக்கொடுத்தால் போதும். விசை கடக்க ஒரு பாலம், அவ்வளவுதான் வேண்டும்.

பெல்ட்டைப் பற்றித்தான் அதிகம் தவறாக நினைக்கிறார்கள். “இந்த பெல்ட்டு 5 டன் தாங்கும் சார், ரெண்டு போட்டா பத்து டன்” என்பார்கள். அது பெல்ட் அறுபடாமல் தாங்கும் அளவு. மேலே சுற்றிக் கட்டிய பெல்ட் லோடை முன்னே போகாமல் இழுத்துப் பிடிப்பதில்லை. கீழே அழுத்துகிறது, அந்த அழுத்தம் உராய்வைக் கூட்டுகிறது. பெல்ட்டை இறுக்கும் கருவியான ராட்செட்டைக் கையால் இறுக்கினால் பெல்ட்டில் ஏறும் இழுவிசை 400 கிலோ அளவில் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தம் 800 கிலோ. இரும்பின் மேல் இரும்பு என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் பிடிப்பாக மாறும், அதாவது 160 கிலோ. நமக்குக் குறைவது 4 டன். 25 பெல்ட் போட வேண்டும்! யாரும் போடப்போவதில்லை.

அதற்குப் பதில் காயிலுக்கு அடியில் ரப்பர் பாய் விரியுங்கள். உராய்வுக் கெழு 0.6 வரை ஏறும். அதே பெல்ட் இப்போது 480 கிலோ பிடிப்பு தருகிறது, காயிலின் சொந்த எடையே 6 டன் பிடிப்பைத் தருகிறது. ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் முன்பக்கமாக லோடின் எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்கும்படி கட்டச் சொல்கின்றன. பத்து டன்னுக்கு 8 டன். மீதி 2 டன்னுக்கு ஐந்து பெல்ட் போதும். நான் சொன்ன தகடு, எடைக்கல் சோதனையில் கடைசியாக அடியில் ஒரு ரப்பர் துண்டை வைத்துக் காட்டுவேன். தகடு முப்பது பாகை சாயும் வரை கல் நகராது. அதைப் பார்த்துவிட்டு ரப்பர் பாய் வேண்டாம் என்று சொன்ன லோடுமேனை நான் இதுவரை சந்திக்கவில்லை. பாயில் எண்ணெயும் மண்ணும் படிந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது, துடைத்து விரிக்க வேண்டும். அப்புறம், காயிலின் கண், அதாவது அதன் நடுத் துளை வழியாகச் சங்கிலியை விட்டுப் பின்பக்கமாகச் சாய்த்துக் கட்டினால், அது உராய்வை நம்பாமல் நேரடியாகவே பின்னோக்கி இழுக்கும்.

பிரேக் மட்டுமே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினாலே வளைவின் மையத்தை நோக்கி 2.5 அளவு முடுக்கம் தேவைப்படுகிறது. வெறும் இரும்புப் பலகையின் உராய்வு தருவது 2. காயில் வளைவோடு வராது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது லோடு பாடி காயிலுக்கு அடியிலிருந்து விலகி இறங்குகிறது. அந்த நொடிக்கு அழுத்தம் குறைகிறது, உராய்வும் கூடவே குறைகிறது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் வண்டிக்குச் சரிவின் இழுப்பும் சேர்ந்துகொள்கிறது.

காயிலின் கண் பக்கவாட்டைப் பார்த்து இருந்தால் அது வழுக்காது, உருளும். துகள் கணக்கு அங்கே போதாது. ஆப்புக்கட்டை காயிலைத் தொடும் இடம், மையத்திலிருந்து நேர்கீழாக வரும் கோட்டுக்கு 39 பாகையாவது விலகி இருந்தால்தான் அந்த 0.8 பங்கு விசையில் காயில் கட்டை மேல் ஏறாமல் நிற்கும். சின்னக் கட்டைகளைச் செருகிவிட்டுப் போவது வேலைக்காகாது.

வகுப்பு முடிந்ததும் ஓட்டுநர்களிடம் ஒன்று சொல்வேன். நீங்கள் வீட்டுக்குக் காரில் போகும்போது மடியில் 10 கிலோ குழந்தையை வைத்திருக்கிறீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி, கார் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், குழந்தையை மடியிலேயே நிறுத்த உங்கள் கைகள் தர வேண்டிய விசை 160 கிலோவைத் தூக்குவதற்குச் சமம். எந்தத் தாயின் கையாலும் அது ஆகாது. குழந்தைக்கும் விசை போய்ச் சேர ஒரு வழி வேண்டும். அதற்கென்று செய்த இருக்கையும் பெல்ட்டும்தான் அந்த வழி.

கடைசியாக ஒரு விஷயம். யார்டில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், வண்டி ஓடத் தொடங்கியதும் லோடு அமுங்கி உட்காரும், மரக்கட்டை நசுங்கும், பெல்ட் தளரும். 400 கிலோ இழுவிசை பாதியாகக் குறைந்திருக்கும், பார்வைக்குத் தெரியாது. அதனால் கிளம்பிய பிறகு முதல் டீக்கடையில் நிறுத்தும்போது, டீ சொல்வதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான பெல்ட் விண்ணென்று அதிரும். தொளதொளவென்று ஆடினால் ராட்செட்டை மறுபடி இறுக்கிவிட்டு டீ குடியுங்கள்.