கல்லைப் புரட்டினால்தான் ஆறு தெரியும்: ஐரோப்பிய நீர்க் கட்டமைப்பு ஆணை ஒரு விளக்கம்

பாலத்தின் மேல் நின்று பார்க்கிறோம். தண்ணீர் தெளிவாக ஓடுகிறது, நாற்றம் இல்லை. அப்படியானால் ஆறு நன்றாக இருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆற்றில் இறங்கி, அடியில் கிடக்கும் கல்லைப் புரட்டி, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிப் புழுக்களை எண்ண வேண்டும்.

2000ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒன்றியத்தின் நீர்க் கட்டமைப்பு ஆணை (Water Framework Directive) கொண்டுவந்த மாற்றம் இதுதான். அதற்கு முன்பு ஆற்றின் நலம் என்றால் பெரும்பாலும் தண்ணீரில் எந்த ரசாயனம் எவ்வளவு என்ற கணக்குதான். இந்த ஆணை, ஆற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கிறது. இலக்கை ஒன்றியம் வைக்கும். அதை எட்டுவதற்கான சட்டத்தை ஒவ்வொரு நாடும் தானே இயற்றிக்கொள்ளும்.

ஆற்றில் நான்கு வகை உயிர்களைப் பார்க்கிறார்கள்: மிதக்கும் நுண்பாசி, நீர்ச்செடிகளும் கல்லில் படரும் பாசியும், அடித்தளத்தில் வாழும் சிற்றுயிர்கள், மீன்கள். கூடவே நீரோட்டம், கரையின் வடிவம், உப்பு, ஆக்சிஜன், சத்துப் பொருட்கள் போன்றவையும் கணக்கில் வரும். எல்லா ஆற்றையும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. மலையோடையை, மனிதக் கை அதிகம் படாத மலையோடையோடுதான் ஒப்பிடுவார்கள். சமவெளி ஆற்றைச் சமவெளி ஆற்றோடு. அந்த இயல்பு நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே மதிப்பெண். மிக நன்று, நன்று, நடுத்தரம், மோசம், மிக மோசம் என ஐந்து படிகள். வரைபடத்தில் நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. பச்சை வந்தால் போதும், அதுதான் இலக்கு.

சரி, நான்கு உயிர் வகைகளுக்கும் நான்கு மதிப்பெண் வந்தால் சராசரி எடுப்பார்களா? இல்லை. எது மிகக் குறைவோ அதுதான் ஆற்றின் மதிப்பெண். பாசி பச்சை, செடி பச்சை, பூச்சி பச்சை, ஆனால் ஒரு பழைய தடுப்பணையால் மீன் மேலே ஏற முடியாமல் ஆரஞ்சுக்குப் போனால், ஆறு ஆரஞ்சுதான். இந்த விதியால் கிடைத்த முன்னேற்றம்கூட வெளியே தெரிவதில்லை என்று அரசுகள் நீண்ட நாளாகக் குறைபடுகின்றன. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சராசரி எடுத்தால், மீன் இல்லாத ஆற்றைப் பாசியின் மதிப்பெண் காப்பாற்றிவிடும். கண்டிப்பான விதியே மேல் என்பது என் எண்ணம்.

பச்சையை எட்ட முதலில் வைத்த கெடு 2015. ஆறு ஆண்டுகள் வீதம் இரண்டு முறை நீட்டிக்கலாம் என்ற சலுகையைப் பெரும்பாலான நாடுகள் தயங்காமல் எடுத்துக்கொண்டன. இறுதிக் கெடு 2027. அதற்கு அப்புறம் நீட்டிக்க வேண்டுமென்றால் இயற்கைக் காரணம் இருக்க வேண்டும். பணம் போதவில்லை என்பது செல்லாது. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, மேற்பரப்பு நீர்நிலைகளில் 37 சதவீதம்தான் சூழலியல் நிலையில் பச்சையையோ நீலத்தையோ எட்டியிருந்தன. வயல்களிலிருந்து வழிந்து வரும் உரமும் பூச்சிக்கொல்லியும் முக்கியக் காரணம். இன்னொன்று தடுப்புகள். ஐரோப்பிய ஆறுகளின் குறுக்கே சிறிதும் பெரிதுமாக 12 லட்சத்துக்கும் மேற்பட்ட தடுப்புகள் இருப்பதாக 2020இல் ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. பிரான்சில் செலூன் ஆற்றின் 36 மீட்டர் உயர வெசேன் அணையை இடித்தது இந்தப் பின்னணியில்தான். 2024இல் வந்த இயற்கை மீட்புச் சட்டம், 2030க்குள் 25,000 கிலோமீட்டர் ஆற்றைத் தடையின்றி ஓடவிட வேண்டும் என்ற இலக்கையும் சேர்த்தது.

விலக்குகளும் உண்டு. துறைமுகம், கப்பல் போக்குவரத்து, மின் உற்பத்திக்காக அடியோடு மாற்றப்பட்ட நீர்நிலைக்கு இலக்கு சற்றுத் தளரும்: இருக்கிற நிலையில் எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ அவ்வளவு. பொதுநலன் பெரிது என்று நிரூபித்தால் புதிய கட்டுமானத்துக்கும் வழி உண்டு.

ஆனால் இந்த ஆணையின் கூரான பல் இருப்பது வேறோர் இடத்தில். இருக்கும் நிலை கெடக் கூடாது என்ற ஒரு வரி. ஜெர்மனியில் வேசர் ஆற்றைக் கப்பல்களுக்காக ஆழப்படுத்தும் திட்டத்தை எதிர்த்து ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குத் தொடுத்தது. மொத்த மதிப்பெண் மாறாவிட்டாலும், ஏதாவது ஒரு கூறு ஒரு படி இறங்கினால்கூட அது சீர்கேடுதான், விலக்குப் பெறாமல் அப்படிப்பட்ட திட்டத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று தீர்ப்பளித்தது. அதுவரை வெறும் திட்டமிடல் வாசகம் என்று நினைக்கப்பட்டது, அன்றோடு ஒவ்வொரு அனுமதிக் கோப்பிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தனிமனிதருக்கும் இதில் இடம் உண்டு. 2020இல் ஒரு நெடுஞ்சாலை வழக்கில், அருகில் கிணறு வைத்துத் தண்ணீர் எடுப்பவர்கள் நிலத்தடி நீர் கெடும் என்று வழக்காடலாம் என அதே நீதிமன்றம் சொன்னது. வழக்குவரை போகாமலும் பேசலாம். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆற்றுப் படுகைக்கும் மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். மாவட்ட எல்லையோ மாநில எல்லையோ இதற்குக் கணக்கில்லை, ஆறு ஓடும் எல்லைதான் எல்லை. புதிய திட்டம் தொடங்குவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே வரைவை வெளியிட்டு, எழுத்தில் கருத்துச் சொல்லக் குறைந்தது ஆறு மாதம் தர வேண்டும். கேட்டால் பின்னணி ஆவணங்களையும் காட்ட வேண்டும். அடுத்த திட்டங்கள் 2027 டிசம்பரில் தொடங்குகின்றன. வரைவில் உங்கள் ஆற்றுக்கு நீட்டிப்புக் கேட்டிருந்தால், அதற்குச் சொன்ன காரணம் எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள்.