உப்பள வண்டிக்கு எவர்சில்வர் பிரேக் பைப் போடலாமா?

தூத்துக்குடியில் வண்டி வேலை பார்ப்பவர்களுக்கு உப்புதான் பெரிய எதிரி. உப்பளத்துக்குப் போய்வரும் வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தால், நாலு வருடம் ஓடிய பிரேக் பைப் பத்து வருடப் பழசு மாதிரி செதில் செதிலாக உரிந்து நிற்கும். அதனால்தான், "அண்ணாச்சி, பேசாம எவர்சில்வர் பைப் போட்டுவிடுங்க, ஆயுசுக்கும் கவலை இல்ல" என்று பலர் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பைப் துருப்பிடிக்காது என்பதும் பிரேக் பிடிக்கும் என்பதும் ஒன்றல்ல.

போன மழை முடிந்த சமயம் உப்பு ஏற்றும் சின்ன லாரி ஒன்று வந்தது. வேறொரு பட்டறையில் எவர்சில்வர் பைப் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது என்றார் டிரைவர். டப்பாவில் பிரேக் ஆயில் குறைந்திருந்தது. முன்சக்கரத்துக்குப் போகும் நட்டைச் சுற்றி மட்டும் புழுதி ஈரமாக அப்பியிருக்க, பக்கத்தில் பெயின்ட் கொப்புளித்து உரிந்திருந்தது. பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் அப்படித்தான் போகும். கழற்றி, பைப்பின் விரித்த வாயை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்மடிப்பில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

கம்பெனியிலிருந்து வரும் பைப் பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகட்டைச் சுருட்டிச் செம்பால் பற்றவைத்தது. இளக்கமானது. நுனியை உள்பக்கமாக மடித்து 45 டிகிரியில் விரித்தால் சொன்னபடி கேட்கும். எவர்சில்வர் கேட்காது. வளைக்க வளைக்க இன்னும் இறுகும், சாதாரண கைக்கருவியில் இரட்டை மடிப்பு மடித்தால் வெடிப்பு விழும். சக்கர கட்டரால் அழுத்தி அறுத்தாலே நுனி இறுகிவிடுகிறது. அதனால் நான் நைஸ் பல் ஆக்சா பிளேடால் நிதானமாக அறுத்து, அரம் போட்டு, உள்பிசிறை எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்வேன். எவர்சில்வருக்கென்று 37 டிகிரியில் ஒற்றை விரிப்பும், அதற்கேற்ற ஸ்லீவும் (விரித்த வாயைப் பின்னாலிருந்து தாங்கும் வளையம்) நட்டும் இருக்கின்றன. அந்த வாயைக் கொண்டுபோய் 45 டிகிரி இருக்கையில், அதாவது பைப்பின் வாய் போய் உட்காரும் சரிவில், முறுக்கினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

இன்னொன்று, இளக்கமான பைப் முறுக்கும்போதே நசுங்கி இருக்கையோடு பொருந்திக்கொள்ளும். எவர்சில்வருக்கு அந்தக் குணம் குறைவு. இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, மூன்று நான்கு தடவை செய்தால்தான் உட்காரும். கசிகிறதே என்று ஸ்பேனரில் குழாய் மாட்டி முறுக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இருக்கை கெட்டுவிட்டால் பைப்போடு போகாது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டிவரும்.

உப்பளத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது, எவர்சில்வரையும் உப்பு தின்னும். 304 ரகத்தில் கிளிப்புக்கு அடியில் உப்பு ஈரம் தங்கினால் ஊசிக்குத்து மாதிரி குழி விழும். 316 கொஞ்சம் தாங்கும். எந்த ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

பைக் வைத்திருக்கும் தம்பிகள் கேட்கும் கம்பி பின்னிய ஹோஸ் வேறு சங்கதி. உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே எவர்சில்வர் வலை. மேல் உறை இல்லாததை வாங்கினால், அந்த வலை உரசுகிற ஒயரையும் பெயின்ட்டையும் ரம்பம் மாதிரி அறுக்கும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஹோஸ் இழுபடுகிறதா, முறுக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

சரி, அந்த லாரிக்கு வருவோம். நிக்கல் கலந்த செம்பு பைப் போட்டேன். துருப்பிடிக்காது, கையில் வளையும், மடிப்பும் சுத்தமாக விழும். தனிச் செம்பு மட்டும் கூடவே கூடாது, வண்டியின் அதிர்வில் நாளடைவில் வெடித்துவிடும். புது ஆயில் ஊற்றி, பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து), எஞ்சினை ஓடவிட்டு டிரைவரை ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். நான் அடியில் படுத்து ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்தேன். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அவர் திரும்பி வந்ததும் மறுபடி துடைத்தேன். பேப்பர் காய்ந்தே இருந்தது.